கட்டை அடுக்கும் கையும் கல்கத்தாவின் கணக்கும்

கோவில்பட்டிப் பக்கம் யாரும் 'தீப்பெட்டித் தொழிற்சாலை' என்று சொல்வதில்லை. 'ஆபீஸ்' என்பதுதான் சொல். மகள் எங்கே என்று கேட்டால் "ஆபீசுக்குப் போயிருக்கா" என்பார் தாய். வெளியூர்க்காரர் காதில் விழுந்தால் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று கற்பனை ஓடும். அந்த மகளோ ஓட்டுக் கூரைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

கட்டை என்பது செவ்வக மரச்சட்டகம். அதற்குள் மெல்லிய மரச்சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒவ்வொரு சட்டத்திலும் வரிசையாகக் கீறல்கள். ஒரு கீறலுக்கு ஒரு குச்சி. ஒரு கை குச்சியை அள்ளிப் பரப்பும், மறு கை நீவிவிடும். குச்சிகள் கீறலில் விழுந்ததும் அடுத்த சட்டம் மேலே ஏறும். நிறைந்த கட்டையை முடுக்கினால் ஆயிரக்கணக்கான குச்சிகளும் ஒரே மட்டத்தில் தலை நீட்டி நிற்கும். பிறகு மெழுகில் ஒரு முக்கு, மருந்தில் ஒரு முக்கு, அப்புறம் காய வேண்டும். கூலி நாளுக்கு அல்ல, கட்டைக்கு. பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு.

இந்தக் கட்டைக்கும் கார்ல் மார்க்ஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், இந்த ஊரில் அரசியல் தெரிந்த எவரும் உடனே சோ. அழகர்சாமியின் பெயரைச் சொல்வார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளராக 1967, 1971, 1977, 1980, 1989 என ஐந்து முறை கோவில்பட்டியிலிருந்து சட்டமன்றம் சென்றவர். 1967 தேர்தலில் அக்கட்சிக்குத் தமிழகம் முழுவதிலும் கிடைத்த இடங்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று இந்தக் கரிசல் தொகுதி. அவருக்குப் பிறகும் 1996-லும் 2001-லும் இதே கட்சி இங்கே வென்றது. இடைசெவலிலிருந்து வந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் விவசாயிகள் போராட்டங்களில் கலந்து சிறை சென்றதும், நெல்லைச் சதி வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டதும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை.

ஆனால் ஒரு கோட்பாடு அரசின் பொருளாதாரக் கொள்கையை எப்படி மாற்றியது என்று பார்க்க வேண்டுமானால், கொடியையும் தேர்தல் முடிவையும் மட்டும் பார்த்தால் போதாது. தமிழ்நாட்டில் கம்யூனிஸ்டுகள் ஒருநாளும் ஆட்சியில் இருந்ததில்லை. ஒன்றுபட்ட சென்னை மாகாணத்தில் 1952 தேர்தலில் 62 இடங்களைப் பிடித்து இரண்டாவது பெரிய கட்சியாக நின்றபோதும் கோட்டை அவர்கள் கைக்கு வரவில்லை. இருந்தும் மார்க்ஸியச் சிந்தனையின் ஒரு கிளை இந்தக் கரிசலுக்குள் நுழைந்தது. கட்சி அலுவலகத்தின் வழியாக அல்ல, கலால் வரி விகிதத்தின் வழியாக. செங்கொடி கீழிருந்து வந்தது. திட்டம் மேலிருந்து வந்தது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளம்பியவை. தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அவை சந்தித்தபோது ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் என் வாதம்.

*

முதலில் கீழிருந்து வந்ததைப் பார்த்துவிடலாம்.

1936-ல் லக்னோவில் உருவான அகில இந்திய கிசான் சபாவின் மைய முழக்கம், உழுபவனுக்கே நிலம். தஞ்சைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. அங்கே மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என்று படிநிலை கண்கூடு. 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கும் அந்த முழக்கத்தை ஏந்திய போராட்டமே காரணம். கரிசலில் நிலைமை வேறு. இங்கே எட்டயபுரம் ஜமீன் இருந்தது. 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் போய் ரயத்துவாரி பட்டா வந்தது. அதன்பின் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் சொந்தமாகப் பத்து, பதினைந்து ஏக்கர் மானாவாரி வைத்துக்கொண்டு கடனில் கிடந்த சம்சாரிகள். உழுபவனிடம் நிலம் ஏற்கெனவே இருந்தது. மழைதான் இல்லை.

ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். அது தப்பினால் பருத்தியும் தப்பும், கம்பும் தப்பும், உளுந்தும் தப்பும். 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. ஆனால் ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது தீர்வையை வைத்துப் போடும் கணக்கு. புஞ்சையில் பல ஏக்கர் சேர்ந்தால்தான் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். ஆக, ஆற்றுப்பாசன நிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரம்பு கரிசலில் யாரையும் பெரிதாகக் கடிக்கவில்லை. கட்சி இங்கே வேர்பிடித்தது நிலப் பங்கீட்டால் அல்ல. வறட்சியில் தீர்வை தள்ளுபடி, கடனுக்காக வரும் ஜப்தி, பருத்தி விலை, பஞ்சாலைக் கூலி ஆகியவற்றில் நின்று போராடியதால்தான். கோட்பாட்டுப் புத்தகத்தில் இதற்கெல்லாம் தனி அத்தியாயம் கிடையாது. உள்ளூர்த் தோழர்கள் மண்ணைப் பார்த்துத் தாங்களாகக் கட்டிக்கொண்ட அரசியல் அது. எனக்கு அவர்கள் மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

எழுபதுகளின் கடைசியில் சி. நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் சங்கம் கிளம்பியபோது கரிசல் அவர் பின்னாலும் திரண்டது. சிறு விவசாயி, பெரு விவசாயி என்று பிரிக்காமல் எல்லாரையும் ஒன்றாக நிறுத்தி மின்கட்டணம், கடன், விலை என்று பேசிய இயக்கம் அது. வர்க்கப் பிரிவினையில் நம்பிக்கை கொண்ட கிசான் சபாவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். நாயுடு 1984 டிசம்பர் 21 அன்று, தேர்தல் பிரசாரத்துக்கு வந்த இடத்தில், இதே கோவில்பட்டியில்தான் இறந்தார்.

*

இனி மேலிருந்து வந்தது. அதற்குக் கோவில்பட்டியை விட்டுச் சென்னைக்குப் பக்கத்து ஆவடிக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் போக வேண்டும்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் யார் வேண்டுமானாலும் போடலாம். கணக்கு போட ஆள் வேண்டும். அந்த ஆள் பி.சி. மஹலநோபிஸ். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர். கம்யூனிஸ்ட் அல்ல. ஆனால் அவர் அழைப்பில் அந்த ஆண்டுகளில் கல்கத்தா வந்து தங்கியவர்களின் வரிசையில் போலந்தின் ஆஸ்கர் லாங்கேயும் பிரான்சின் ஷார்ல் பெத்தலேமும் உண்டு. இருவரும் மார்க்ஸியப் பொருளியலாளர்கள். சோவியத் நிபுணர்களும் வந்தார்கள்.

மஹலநோபிஸ் மாதிரியின் கரு இதுதான். ஒரு நாடு நீண்டகாலத்தில் வேகமாக வளர வேண்டுமென்றால், துணியும் செருப்பும் செய்யும் ஆலைகளில் பணம் போடுவதைவிட, அந்த ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் ஆலைகளில் கூடுதலாகப் பணம் போட வேண்டும். இந்தப் பிரிப்பு மார்க்ஸின் 'மூலதனம்' இரண்டாம் பாகத்திலிருந்து கிளம்பியது: உற்பத்திச் சாதனங்களைச் செய்யும் துறை ஒன்று, நுகர்பொருள் செய்யும் துறை இரண்டு. அதை வளர்ச்சிக் கணிதமாக மாற்றியவர் சோவியத் திட்டக் குழுவில் இருந்த ஃபெல்ட்மன், ஆண்டு 1928. மஹலநோபிஸ் அவரைப் பார்த்து எழுதவில்லை, தனியாகவே அங்கே வந்து சேர்ந்தார் என்பதுதான் பொதுவான கருத்து. எப்படியானாலும் வம்சாவளி ஒன்றுதான். பிலாயில் எஃகு ஆலை எழுந்ததும், நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கு சோவியத் இயந்திரம் வந்ததும் இந்தக் கணக்கின் கண்ணுக்குத் தெரிந்த பக்கம்.

கண்ணுக்குத் தெரியாத பக்கம் ஒன்று உண்டு. கனரக ஆலைக்குப் பணம் போனால் வேலை எங்கிருந்து வரும்? சோப்பும் தீப்பெட்டியும் யார் செய்வார்கள்? மஹலநோபிஸ் தன் மாதிரியை நான்கு பிரிவாக விரித்தார்: கனரகத் தொழில், ஆலையில் செய்யும் நுகர்பொருள், விவசாயத்தோடு சேர்ந்த வீட்டுத் தொழிலும் கைத்தொழிலும், சேவைகள். ஒரு ஆளுக்கு வேலை கொடுக்க எவ்வளவு மூலதனம் பிடிக்கும் என்பதில்தான் சூட்சுமம். கனரகத் தொழிலில் 20,000 ரூபாய். நுகர்பொருள் ஆலையில் 8,750. சேவைகளில் 3,750. வீட்டுத் தொழிலில் 2,500. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்கு அவர் கணக்கிட்ட மொத்த முதலீடு ஏறத்தாழ 5,600 கோடி. எதிர்பார்த்த புதிய வேலை 1 கோடியே 10 லட்சம். கனரகப் பிரிவுக்கு 1,850 கோடி கொடுத்து அங்கே கிடைப்பது 9 லட்சம் வேலை. வீட்டுத் தொழில் பிரிவுக்கு 1,180 கோடி கொடுத்து அங்கே கிடைப்பது 47 லட்சம்.

இந்த 2,500 ரூபாய்க் கட்டத்துக்குள்தான் கோவில்பட்டி உட்கார்ந்திருக்கிறது. எஃகு ஆலை பிலாயில் எழும்பட்டும். அது பலன் தரும்வரை நாட்டுக்கு வேண்டிய சில்லறைப் பொருள்களைக் கைகள் செய்து தரட்டும். காந்தியவாதிகள் ராட்டைக்காக எத்தனையோ காலமாகக் கேட்டுவந்ததை, இயந்திரத்தை வழிபட்ட ஒரு கணக்கு வேறொரு காரணத்துக்காகக் கொடுத்தது. 1955-ல் டி.ஜி. கார்வே தலைமையிலான குழு கிராமத் தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் வழி வகுத்தபோது, பெரிய ஆலைகளின் திறனுக்குக் கட்டுப்பாடு, சிறியவர்களுக்கு ஒதுக்கீடு, பெரியவர்கள் மேல் கூடுதல் வரி என்று மூன்று கருவிகளை முன்வைத்தது. மூன்றும் பின்னாளில் தீப்பெட்டிக்குப் பொருந்தின.

இதை எதிர்த்தவர்கள் அப்போதே இருந்தார்கள். பொருளியலாளர் பி.ஆர். ஷெனாய் தனிக் குறிப்பு எழுதினார். பம்பாய்ப் பொருளியலாளர்கள் வகீலும் பிரமானந்தாவும், தொழிலாளிக்குச் சோறும் துணியும்தான் முதல் மூலதனம், அதைப் பெருக்காமல் எஃகைப் பெருக்கி என்ன பயன் என்று கேட்டார்கள். கரிசல்காட்டிலிருந்து பார்க்கும்போது அந்தக் கேள்வி கூர்மையானது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே தொடங்கியது. மானாவாரிக்கான பயிர் ரகங்களை அது விடாமல் கொடுத்துவந்திருக்கிறது. ஆனால் மானாவாரிக்கென்று அகில இந்திய அளவில் ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் வந்தது 1970-ல்தான். நீர்ப்பாசன நிலங்களுக்குப் பசுமைப் புரட்சி வந்த பிறகு. புஞ்சை கைவிட்ட கைகள்தான் ஆபீசுக்கு வந்தன.

*

தீப்பெட்டியின் கதையை ஒருமுறை பின்னோக்கிப் பார்க்க வேண்டும். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று, மறு ஆண்டு திரும்பிவந்து தொடங்கினார்கள். அதே 1923-ல் ஸ்வீடன் நாட்டுத் தீக்குச்சிக் குழுமம் விம்கோ நிறுவனத்தை இந்தியாவில் தொடங்கியது. இயந்திரமயமான ஆலைகள், சென்னைத் திருவொற்றியூரிலும் ஒன்று. 1934-ல் பிரிட்டிஷ் அரசு தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டது. அந்த நாளிலிருந்து இந்தத் தொழிலில் மரமும் மருந்தும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வரி.

சுதந்திர இந்தியா அந்த வரியைக் கொள்கைக் கருவியாக்கியது. இயந்திரத்தில் செய்த தீப்பெட்டிக்கு அதிக வரி. கையால் செய்ததற்குக் குறைவு. குடிசைத் தொழிலாகப் பதிந்ததற்கு அதனினும் குறைவு. ஜனதா ஆட்சியில் சிறுதொழிலுக்கான ஒதுக்கீட்டுப் பட்டியல் 180 பொருள்களிலிருந்து 504 ஆகவும், பிறகு 807 ஆகவும் பெருத்தது. அந்த ஆட்சியை நடத்தியவர்களில் பலருக்குக் கம்யூனிஸ்டுகளைக் கண்டால் ஆகாது. இருந்தும் கணக்கு அதுவேதான். பெயர்ப்பலகை மட்டும் மாறியது. தீப்பெட்டி அந்தப் பட்டியலில் இருந்தவரை பெரிய நிறுவனம் புதிதாக ஆலை போடவோ திறனைக் கூட்டவோ வழியில்லை. விம்கோ தேய்ந்தது, கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர், குடியாத்தம் வளர்ந்தன. ஒரு பன்னாட்டு நிறுவனத்தைக் கரிசல்காட்டுச் சிறு முதலாளிகள் ஓரங்கட்டினார்கள் என்பது சின்ன விஷயமில்லை. உலகத்தில் பல நாடுகளில் ஸ்வீடன்காரர்களிடம் உள்ளூர்க்காரர்கள் தோற்ற கதைதான் உண்டு.

அந்த வெற்றிக்கு விலை இருந்தது. சின்னதாக இருப்பதற்கு அரசு சலுகை கொடுத்தால், பெரியவன்கூடச் சின்னவனாக வேடம் போடுவான். ஒரே குடும்பத்தில் அண்ணன் பேரில் ஒரு ஆபீஸ், தம்பி பேரில் ஒன்று, மாமியார் பேரில் ஒன்று. குச்சியும் மருந்தும் வருவது ஒரே இடத்திலிருந்து. பதிவேட்டில் மட்டும் நான்கு தொழில். 1948-ன் ஃபாக்டரி சட்டமோ பொதுவிதியாக, மின்சக்தி இருந்தால் 10 பேரும், இல்லாவிட்டால் 20 பேரும் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. ஆக, மின்மோட்டாரை வாங்காமல் இருப்பதற்கு இரண்டு லாபம்: வரி குறையும், தொழிலாளர் சட்டமும் தள்ளி நிற்கும். அது சட்டத்தில் யாரோ குடைந்த ஓட்டை இல்லை. கொள்கையே கட்டி வைத்த வாசல்.

*

இந்த இடத்தில் மார்க்ஸையே கூப்பிட வேண்டியிருக்கிறது. 'மூலதனம்' முதல் பாகத்தைத் தியாகு சிறையிலிருந்து தமிழாக்கினார். அதைக் கோவில்பட்டிக்காரர் யாரேனும் படித்தால், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பக்கத்தில் கட்டாயம் நின்றுவிடுவார். அங்கே இங்கிலாந்தின் தீக்குச்சித் தொழில் வருகிறது. 1833-ல் தொடங்கிய அந்தத் தொழிலில் பாதிப்பேர் குழந்தைகளும் சிறுவர்களும். 1863-ல் அரசு ஆணையர் ஒயிட் விசாரித்த சாட்சிகளில் 270 பேர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். 50 பேர் 10-க்கும் கீழே. பத்துப் பேருக்கு எட்டு வயது. ஐந்து பேருக்கு ஆறு. அங்கே வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்தது. இந்தியாவில் அதை 1913-லேயே சட்டம் தடைசெய்துவிட்டது என்பது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம்.

அதைவிட முக்கியமான இடம், பெருந்தொழில் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. தீக்குச்சி ஆலையில் சிறுவர்கள் சாப்பிட்டுக்கொண்டே குச்சிகளைப் பாஸ்பரஸில் முக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் தொழிலே நடக்காது என்று முதலாளிகள் சொன்னார்கள். 1864-ல் ஃபாக்டரி சட்டம் அந்தத் தொழிலுக்கும் நீண்டது. நேரத்தை மிச்சம் பிடித்தே தீர வேண்டிய கட்டாயம் வந்ததும் முக்கும் இயந்திரம் ஒன்று பிறந்துவிட்டது. அதன் ஆவி தொழிலாளியைத் தொடவில்லை. நடக்காது என்றது நடந்தது. மார்க்ஸ் இதை எழுதியது சும்மா அல்ல. சட்டத்தின் அழுத்தம் இயந்திரத்தைக் கொண்டுவரும், இயந்திரம் சிதறிக்கிடக்கும் வீட்டுத் தொழிலை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரும், அங்கேதான் தொழிலாளி சங்கமாவான் என்பது அவர் வரைந்த பாதை.

நம் திட்டம் அந்தப் பாதையை நேர்மாறாக நடந்தது. மார்க்ஸின் இரண்டாம் பாகத்திலிருந்து கணிதத்தை எடுத்துக்கொண்டு, முதல் பாகத்தில் அவர் தீக்குச்சியைப் பற்றியே எழுதியதை விட்டுவிட்டது. இங்கிலாந்தில் சட்டம் இயந்திரத்தை வரவழைத்தது; இந்தியாவில் வரி இயந்திரத்தைத் துரத்தியது. குழந்தைகளைத் தீப்பெட்டி வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1938-ன் சட்டமே சொல்லியிருந்தது. ஆனால் குடும்பத்தார் உதவியோடு வீட்டில் நடக்கும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. அந்த விலக்கும் குடிசைத் தொழில் வரிச்சலுகையும் ஒரே வீட்டில் குடியேறின.

விளைவை இந்தப் பக்கத்து எழுத்தாளர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். பூமணி எடுத்த 'கருவேலம் பூக்கள்' படம் கரிசலின் இந்தத் தீப்பெட்டி வாழ்க்கையைப் பற்றியதுதான். ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எழுதியது 1983-ல். ஆணையர் ஒயிட்டின் விசாரணைக்குச் சரியாக 120 ஆண்டுக்குப் பிறகு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விடியுமுன் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை அள்ளிப்போன ஆபீஸ் வண்டிகள் அதற்குப் பிறகுதான் மெல்லக் குறைந்தன.

*

செங்கொடிச் சங்கங்கள் என்ன செய்தன என்ற கேள்வி நியாயமானது. பஞ்சாலையில் சங்கம் கட்டுவது அவர்களுக்குக் கைவந்த கலை. லாயல் மில்லிலும் லட்சுமி மில்லிலும் வாசல் ஒன்று, சங்கு ஒன்று, ஷிப்டு முடிந்தால் ஆயிரம் பேர் ஒன்றாக வெளியே வருவார்கள். வாயிற்கூட்டம் போட மேடைகூட வேண்டாம். தீப்பெட்டியில் அப்படியா? இருபது பேர் இங்கே, பதினைந்து பேர் அங்கே, மற்றவர்கள் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிக்கொண்டு. முதலாளி பக்கத்துத் தெருக்காரர். சில சமயம் சொந்தக்காரர். கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவர். அவரும் வட்டிக்கு வாங்கித் தொழில் நடத்துகிறவர்தான். அவரை வர்க்க எதிரி என்று காட்டினால் கட்டை அடுக்குகிற பெண்ணே சிரித்துவிடுவாள்.

அதோடு இன்னொரு சிக்கல். கைத் தீப்பெட்டிக்கான வரிச்சலுகையைக் காப்பாற்ற வேண்டும் என்பது இந்தப் பகுதியில் எல்லாக் கட்சிகளின் கோரிக்கை. வரி ஏறினால் முதலில் வேலை போவது தொழிலாளிக்குத்தானே. எனவே கூலிக்காக முதலாளியை எதிர்த்து நிற்கும் அதே ஆட்கள், வரிக்காக முதலாளியோடு சேர்ந்து டெல்லியைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. இதைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நிலையில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதற்குக் கேரளத்துப் பீடி சாட்சி. 1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்தியச் சட்டம் வந்தது. ஈ.எம்.எஸ். அரசு அதை அமல்படுத்தத் தொடங்கியதும், 1968-ல் மங்களூர் முதலாளிகள் வட கேரளத்துப் பட்டறைகளை மூடிவிட்டுப் போனார்கள். 12,000 பேர் நடுத்தெருவில். அரசு கடன் கொடுத்து, தொழிலாளர்களையே பங்குதாரராக்கி, 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கியது. சிதறிக்கிடந்த கைத்தொழிலைச் சட்டத்தாலும் கூட்டுறவாலும் ஒன்றுசேர்த்த உதாரணம் அது. அதற்குக் கீழிருந்த சங்கமும் மேலிருந்த அரசும் ஒரே கையில் இருக்க வேண்டியிருந்தது. கோவில்பட்டிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. தொகுதி கையில் இருந்தது. கோட்டை கையில் இல்லை. வரி விகிதமோ டெல்லியில். பிறகு புகைப்பழக்கம் குறைந்து தினேஷ் பீடியும் சரிந்தது, கூட்டுறவு வேறு தொழில்களைத் தேடிப்போனது என்பதையும் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

*

திட்டத்தின் முடிவு சத்தமில்லாமல் வந்தது. 1991-க்குப் பிறகு ஒதுக்கீட்டுப் பட்டியல் ஆண்டுக்காண்டு கரைந்துகொண்டே போனது. 800-க்கு மேல் இருந்தது 20-ல் வந்து நின்றது. 2015 ஏப்ரலில் அந்தக் கடைசி இருபதையும் நீக்கினார்கள். ஊறுகாய், ரொட்டி, மெழுகுவத்தி, ஊதுபத்தி, கண்ணாடி வளையல் என்று போகும் அந்தப் பட்டியலில் தீப்பெட்டியும் இருந்தது, பட்டாசும் இருந்தது. எஃகு ஆலை பலன் தரும்வரை என்று தொடங்கிய தற்காலிக ஏற்பாடு, மஹலநோபிஸின் கணக்கிலிருந்து எண்ணினால் அறுபது வருஷம் ஓடியிருக்கிறது. கடைசிவரை பட்டியலைவிட்டு இறங்காத இருபதில் தன் ஊர்ப் பொருளும் ஒன்று என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

வரி வித்தியாசம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2020 ஏப்ரல் 1 அன்று இரண்டுக்கும் ஒரே 12 சதவீதம் ஆனது. கையென்றும் இயந்திரமென்றும் பார்த்துப் பார்த்து வரி போட்ட நெடுங்காலம் அந்தத் தேதியோடு முடிந்தது. கையால் செய்தால் லாபமில்லை என்றானதும் இயந்திரம் தடதடவென்று உள்ளே வந்தது. மார்க்ஸ் எதிர்பார்த்தபடி ஃபாக்டரி சட்டம் அதை வரவழைக்கவில்லை. ஒரு வரிக் குழுவின் கூட்டம் வரவழைத்தது. அதற்கு முன்பே, 2005-ல், விம்கோவை ஐடிசி தன் குழுமத்துக்குள் வாங்கிப்போட்டிருந்தது.

அரசின் கை முழுதாக விலகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. கேட்டவர்கள் இந்த ஊர்த் தீப்பெட்டிக்காரர்கள். மஹலநோபிஸை மறந்துபோன டெல்லி, அவர் காலத்து ஆயுதத்தை மட்டும் எடுத்து ஒருமுறை சுழற்றியது.

பதினான்கு வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ல் இரண்டு ரூபாய் ஆனது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தெரு அத்தை ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தேன். பத்து வயசில் கட்டை அடுக்கப் போனவர். இப்போது முழு இயந்திர ஆபீசில், வார்பட்டையில் வரும் பெட்டிகளில் கோணலானதைப் பொறுக்கிப்போடும் வேலை. நாள் சம்பளம்; உட்கார நாற்காலி உண்டு. "இப்பத்தான் நெசமா ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றார். கூட வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் அறுபது பேர், இப்போது எட்டு. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்றதற்கு, நூறு நாள் வேலைக்கு, கடலை மிட்டாய்க் கம்பெனிக்கு, திருப்பூருக்கு என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய கட்டை ஒன்று கிடந்தது. கீறல்களில் மெழுகு இறுகியிருந்தது. நல்லா எரியும் என்றார்.